தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெற்றோர்: நள்ளிரவில் உள்ளே புகுந்தவனைத் தாக்கும் உரிமை எதுவரை?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் திருப்பூர் மாவட்டத்தில், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாக வசிக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 68. நானும் தங்கையும் பிழைப்பின் பொருட்டு வெளியூர்களில் இருக்கிறோம். 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தந்தை, தாய், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அதன் அதிர்ச்சி அடங்கும் முன்பே, 2025 மே மாதம் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, எங்கள் பெற்றோரைப் போலவே தனியாக இருந்த ஒரு முதிய தம்பதியர் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியான உறக்கம் இல்லை.

அப்பா இப்போது தலைமாட்டில் அரிவாளை வைத்துக்கொண்டு படுக்கிறார். அதுகூட எனக்குப் புரிகிறது. ஆனால், இரவு பத்து மணிக்கு மேல் சாளையைச் சுற்றி இரண்டு வரி வெறும் கம்பியை இழுத்து, வீட்டு மின்சாரத்தை அதில் கொடுத்துவிடலாம் என்று மோட்டார் வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசி, கம்பிச் சுருளையும் வாங்கி வைத்திருக்கிறார் என்பதைப் போன வாரம்தான் அம்மா சொல்லி அறிந்தேன்.

இது குறித்து உறவினர்களிடம் பேசினால் இரண்டு விதமான பேச்சுகள் வருகின்றன. மாமா ஒருவர், இரவில் வீட்டுக்குள் புகுந்தவனை வெட்டிப் போட்டால் வழக்கே கிடையாது என்கிறார். சித்தப்பாவோ, திருடன் மேல் கை வைத்தால் நாம்தான் சிறைக்குப் போக வேண்டியிருக்கும், பேசாமல் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுவதே நல்லது என்கிறார். இருவரும் உறுதியாகத்தான் சொல்கிறார்கள். உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது? ஒருவேளை அப்படி ஓர் இரவு வந்தால், அப்பா எதைச் செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? சட்டத்தோடு, இதில் நியாயம் எது என்று நீங்கள் கருதுவதையும் அறிய விரும்புகிறேன்.

அமர்வு நீதிமன்ற வழக்கறிஞர் (பதில்)

நண்பருக்கு வணக்கம். மற்ற எதையும் படிக்கும் முன் அப்பாவை அழைத்துப் பேசி, அந்தக் கம்பிச் சுருளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் செய்யுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான் ஏறக்குறைய அதே சொற்களில் இங்கே வந்திருக்கின்றன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கும் பொருட்டுச் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்பது அதன் அடிப்படை. இதைச் சட்டம் சலுகையாக அல்ல, உரிமையாகவே தருகிறது. உள்ளே வந்தவன் மனநலம் குன்றியவனாக இருந்து, அந்தக் காரணத்தால் அவன்மேல் குற்றம் சாராது என்றாலும்கூட, அவனிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை குறைவதில்லை என்று 36ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

எதிராளிக்கு மரணம் விளையும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். உடலைக் காக்கும் உரிமையைப் பொறுத்தவரை 38ஆம் பிரிவும், சொத்தைக் காக்கும் உரிமையைப் பொறுத்தவரை 41ஆம் பிரிவும் அதற்கு விடை சொல்கின்றன. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் 38ஆம் பிரிவு பொருந்தும். 41ஆம் பிரிவோ கொள்ளை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நடக்கும் வீடுடைப்பு, குடியிருப்புக்குத் தீ வைத்தல் போன்றவற்றைக் குறிப்பிடுகிறது. சாதாரணத் திருட்டும் அத்துமீறலும்கூட, தடுக்காவிட்டால் உயிரோ உறுப்போ போகும் என்ற அச்சத்தை எழுப்பும் சூழ்நிலையில் நடந்தால் இதில் அடங்கும். மாமா சொன்னது இந்த 41ஆம் பிரிவைத்தான்.

ஆனால் அவர் கவனிக்காத சில இடங்கள் இருக்கின்றன. வீடுடைப்பு என்பதற்குச் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. பூட்டைத் திறந்து வருவது, சுவர் ஏறிக் குதிப்பது, ஓட்டைப் பிரித்து இறங்குவது, காவலிருப்பவரைத் தாக்கிவிட்டு நுழைவது போன்றவை வீடுடைப்பு. திறந்து கிடந்த கதவு வழியாக ஒருவன் நடந்து வந்துவிட்டால் அது அத்துமீறல்தான், வீடுடைப்பு அல்ல. மேலும், வீடு என்றால் மனிதர் வாழும் அல்லது பொருள் வைக்கும் கட்டடம். கிணற்றடியில் மோட்டாரின் செம்பு வயரை அறுத்துக்கொண்டிருப்பவனையும், பட்டியில் ஆட்டை அவிழ்ப்பவனையும், தோப்பில் தேங்காய் வெட்டுபவனையும் தடுக்கலாம், அடித்து விரட்டலாம், பிடிக்கலாம். 42ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. கொல்வதற்கு அது அனுமதி தருவதில்லை. நம் பகுதியில் அதிகம் நடப்பவை இந்த வகைத் திருட்டுகள்தான் என்பதால் இந்த வேறுபாட்டை அப்பா நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அத்துடன், இந்த உரிமை முழுவதற்கும் 37ஆம் பிரிவு வேலி போடுகிறது. காப்பதற்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கு கூடாது. காவல்துறையின் உதவியைப் பெற நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை. நள்ளிரவில் கதவை உடைக்கும் சத்தம் கேட்கும்போது அப்படிப்பட்ட நேரம் இருக்காது என்பதை நீதிமன்றங்கள் அறியும். ஆனால், நாளை இரவு இன்னார் திருட வருகிறான் என்று முன்கூட்டியே தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் ஆயுதத்தோடு காத்திருந்தால் நிலைமை வேறு.

அடுத்து, உரிமை எப்போது முடிகிறது என்பது. என் இருபதாண்டு அனுபவத்தில் பெரும்பாலான தற்காப்பு வழக்குகள் தோற்றுப்போகும் இடம் இதுதான். இரவு வீடுடைப்பைப் பொறுத்தவரை, உடைத்து நுழைந்தவன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான் 43ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒரு நிலத் தகராறில், எதிர்த்து வந்தவர்கள் சிதறி ஓடத் தொடங்கிய பிறகு, தொலைவில் ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டது தற்காப்பு ஆகாது. அச்சத்துக்கான காரணம் மறைந்த அந்தக் கணத்திலேயே உரிமையும் மறைகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே, வாசலைத் தாண்டி ஓடுகிறவனைத் துரத்திச் சென்று வரப்பில் வைத்து வெட்டினால், அவன் சற்றுமுன் உங்கள் வீட்டை உடைத்தவன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம். விடுதலை பெற்றுத் தராது. உரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறியதாகக் கண்டால் அது கொலையாகக் கருதப்படாது என்றாலும், 105ஆம் பிரிவின்படி ஆண்டுக்கணக்கில் சிறை உண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாக்கப்படும் ஒருவர் ஒவ்வோர் அடியையும் பொன் நிறுக்கும் தராசில் வைத்து எடைபோட்டுத் திருப்பி அடிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சட்டத்தை மதிக்கும் குடிமகன் ஆபத்தின் முன் கோழையைப் போல ஓட வேண்டியதில்லை என்றே கூறியது. சித்தப்பாவின் அச்சத்துக்கு அதில் பதில் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே, 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே, தன்னைக் கத்திமுனையில் வன்புணர முயன்றவனை அதே கத்தியால் குத்திக் கொன்ற 19 வயதுப் பெண்ணைக் காவல்துறை அன்றைய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவைக் காட்டி விடுவித்தது.

ஆனாலும், ஓர் உயிர் போனால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும், பிரேதப் பரிசோதனை நடக்கும், காயம் முன்பக்கமா முதுகிலா, எத்தனை வெட்டு, இரத்தம் வீட்டுக்குள் சிந்தியதா வெளியிலா என்பதெல்லாம் பதிவாகும். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

இப்போது அந்தக் கம்பிக்கு வருகிறேன். செரூபின் கிரெகரி எதிர் பீகார் மாநிலம் என்று ஒரு வழக்கு. உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டாரின் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டதால், அவர்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் கழிப்பறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வராதீர்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்த வழியில் வெறும் செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்துபோனார். தன் இடத்தில் அத்துமீறியவருக்கு எதிரான தற்காப்பு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இன்று அது ஐந்து ஆண்டு. ஆள் சாவார் என்று தெரிந்தே செய்ததாகக் கண்டால் 105ஆம் பிரிவுக்கே போகும்.

அப்பாவின் கையில் இருக்கும் அரிவாளுக்குப் பின்னால் அப்பாவின் கண்ணும் காதும் இருக்கின்றன. வந்தவன் யார், என்ன வைத்திருக்கிறான், ஓடுகிறானா, பாய்கிறானா என்பதை அவர் பார்த்து முடிவெடுப்பார். கம்பிக்கு அதெல்லாம் தெரியாது. விடியற்காலையில் பால் கறக்க வரும் ஆளும், தண்ணீர் முறைக்கு வரும் பக்கத்துத் தோட்டக்காரரும், அந்தக் கம்பிக்குத் திருடன்தான்.

கீழ்பவானி விவசாயி (பதில்)

தம்பி, உங்கள் அப்பா என் வயதுக்காரர். நானும் சாளையில்தான் இருக்கிறேன். வக்கீல் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பது எனக்கும் இத்தனை நாள் தெரியாது, அதற்கு நன்றி. கம்பியைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எங்கள் பங்காளி வீட்டுப் பையன், காட்டுப்பன்றிக்காக இன்னொருவர் போட்டிருந்த கம்பியில் இரவு தண்ணீர் பாய்ச்சப் போனபோது சிக்கி இறந்தான். போட்டவரும் அவனுக்கு மாமன் முறைதான். அந்த இரண்டு குடும்பங்களும் இன்றுவரை எழுந்து நிற்கவில்லை.

ஆனால், ஓடுகிறவனை விட்டுவிட வேண்டும், தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது என்று எழுதுவது எளிது. இரவு இரண்டு மணிக்கு நாய் திடீரென்று குரைப்பதை நிறுத்துகிறது. விளக்கு எரியவில்லை. வந்தது ஒருவனா நான்கு பேரா தெரியாது. வெளியே ஓடியவன் நிஜமாகவே ஓடினானா, கொல்லைப்பக்கமாக வரப்போகிறானா என்று எழுபது வயதுக்காரனுக்கு எப்படித் தெரியும்? பல்லடத்திலும் சிவகிரியிலும் வந்தவர்கள் நகையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை, உயிரையும் எடுத்தார்கள். சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களே பல்லடத்துக் கொலைகளிலும் ஈடுபட்டவர்கள் என்று காவல்துறை அறிவித்தபோது, இந்தப் பக்கத்துச் சாளைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அடிவயிறு கலங்கியது. தனியாக இருக்கும் கிழவன், கிழவிகளைத் தேடித்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற உங்கள் சித்தப்பாவின் யோசனையை நான் ஏற்கவில்லை.

2019 ஆகஸ்டில் கடையம் அருகே ஒரு முதிய தம்பதியர் வீட்டுக்கு அரிவாளோடு வந்த இரண்டு பேரை, கையில் கிடைத்த நாற்காலியையும் செருப்பையும் வீசி விரட்டியதைக் கண்காணிப்புக் கேமராக் காட்சியில் நாடே பார்த்தது. அந்தச் சுதந்திர தினத்திலேயே முதலமைச்சர் அவர்களுக்குத் துணிச்சலுக்கான விருது வழங்கினார். எதிர்த்து நின்றதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். அன்று அந்தப் பெரியவர் வீசிய நாற்காலி ஒருவனின் பிடரியில் பட்டு அவன் இறந்திருந்தால், விருது கொடுத்த அதே அரசின் காவல்துறை அவரை முதலில் குற்றம் சாட்டப்பட்டவராகத்தானே எழுதியிருக்கும்? கடைசியில் விடுதலை கிடைக்கும் என்கிறீர்கள். எத்தனை வாய்தாவுக்குப் பிறகு? எழுபத்து நான்கு வயதில் ஐந்தாறு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறுவது அவருக்குத் தண்டனை இல்லையா?

என் கருத்து இதுதான். பூட்டிய வீட்டை இரவில் உடைத்து நுழைந்தவன் வீட்டுக்குள்ளேயே அடிபட்டு இறந்தால், தற்காப்பு என்றே சட்டம் முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையதாக இருக்க வேண்டும். மூத்தவர்கள் மட்டும் வாழும் தோட்டத்து வீடுகளுக்காவது இதைச் செய்யலாம்.

ஹூஸ்டன்வாசி (பதில்)

கீழ்பவானி ஐயா கேட்பது போன்ற சட்டத்தின் கீழ் நான் பதினாறு ஆண்டுகளாக வாழ்கிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டை உடைத்து நுழைந்தவனைக் கண்டு வீட்டுக்காரர் கொண்ட அச்சம் நியாயமானது என்று சட்டமே முன்கூட்டிக் கொள்கிறது. வீடு என்பது அவரவர் கோட்டை என்று 1604இல் ஓர் ஆங்கிலேய வழக்கில் சொல்லப்பட்ட கருத்திலிருந்து வளர்ந்தது என்பதால், இதைக் கோட்டைக் கோட்பாடு என்பார்கள். நான் வாழும் டெக்சஸ் இன்னும் ஒருபடி மேலே போகிறது. இரவு நேரத் திருட்டைத் தடுக்கவும், பொருளோடு ஓடுபவனைத் தடுக்கவும்கூட, வேறு வழியில்லை என்று நியாயமாக நம்பினால் உயிர்போகும் வகையில் சுடலாம் என்று இங்குள்ள சட்டம் சொல்கிறது.

ஐயாவின் அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை; என் பெற்றோரும் காங்கயம் பக்கம் தனியாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும், இங்கே நடந்த சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நகரத்துக்கு அருகிலுள்ள பாசடீனாவில் 2007 நவம்பரில் ஒருவர், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் திருடுவதைப் பார்த்துக் காவல்துறையை அழைத்தார். வெளியே போகாதீர்கள், காவலர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர் திரும்பத் திரும்பச் சொல்லியும், அவர் துப்பாக்கியோடு போய் இருவரையும் சுட்டுக் கொன்றார். திருடப்பட்டது அவர் வீடுகூட இல்லை. அடுத்த ஆண்டு, அவர்மேல் குற்றச்சாட்டு சுமத்த வேண்டியதில்லை என்று பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு முடிவெடுத்தது.

என்னை அதிகம் உலுக்குவது வேறொன்று. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், பரிமாற்றத் திட்டத்தின் கீழ் படிக்க வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன், நண்பனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது முகவரி தவறி வேறொரு வீட்டின் அழைப்பு மணியை அடித்தான். வீட்டுப் பெண் வெளியே பார்த்துப் பயந்து, கணவரைத் துப்பாக்கியோடு வரச் சொன்னார். கணவர், அசையாதே என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கத்தினார். சரியான வீடு இதுதான் என்று எண்ணி முன்னால் நடந்த அந்தப் பையனின் மார்பில் குண்டு பாய்ந்தது. 1993 மே மாதம் சுட்டவர் விடுதலையானார். உரிமையியல் நீதிமன்றம் மட்டும் பிறகு ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு தர ஆணையிட்டது. பையனின் பெற்றோர் வீடுகளில் துப்பாக்கி இருப்பதற்கு எதிராக ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டி, அதிபர் கிளிண்டனை நேரில் சந்தித்தார்கள்.

அந்த வீட்டுக்காரரின் அச்சம் நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. அச்சம் உண்மையாகவே இருந்திருக்கும், ஆபத்துதான் இல்லை. அச்சத்தையே போதுமானதாகச் சட்டம் எடுத்துக்கொண்டால், கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்குக் குறைந்துகொண்டே போகிறது. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொல்லப்பட்டதை நாம் மறந்துவிட முடியுமா? அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் எண்ணினார்கள்.

இத்தனை தாராளமான நாட்டிலும் ஓர் எல்லை உண்டு. 2012இல் மின்னசோட்டா மாநிலத்தில், பலமுறை திருட்டுக் கொடுத்த ஒருவர், வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றும்படி வண்டியை வேறிடத்தில் நிறுத்திவிட்டு, தின்பண்டமும் தண்ணீரும் ஒலிப்பதிவுக் கருவியும் வைத்துக்கொண்டு நிலவறையில் காத்திருந்தார். உடைத்து வந்த 17, 18 வயது இருவரையும் சுட்டார். அடிபட்டு விழுந்து, இனி எதுவும் செய்ய முடியாத நிலையில் கிடந்தவர்களை மீண்டும் சுட்டார். மறுநாள் வரை யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கு வாழ்நாள் சிறை. அயோவா மாநிலத்தில் 1960களில், ஆளில்லாத பண்ணை வீட்டின் கதவைத் திறந்தால் தானாக வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்தவர்கள், அதனால் காலில் படுகாயமடைந்த திருடனுக்கே 30,000 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் அப்பாவின் கம்பியும் இந்தத் துப்பாக்கியும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

நார்விச் தமிழ்ச்செல்வி (பதில்)

இங்கிலாந்தில் இந்த விவாதம் எழும்போதெல்லாம் வரும் பெயர் டோனி மார்ட்டின். நான் வாழும் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தவர்; உங்கள் பெற்றோரைப் போலவே ஊருக்கு ஒதுங்கிய பண்ணை வீட்டில், தனி ஆளாக வாழ்ந்த விவசாயி. பலமுறை திருட்டுக் கொடுத்தவர், காவல்துறையின்மேல் நம்பிக்கை இழந்தவர். 1999 ஆகஸ்ட் இரவு ஒன்றில் சன்னல் வழியாகப் புகுந்த இருவரை இருட்டில் சுட்டார். 16 வயதுப் பையன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான்; மற்றவர் காலில் காயமடைந்தார். துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. 2000ஆம் ஆண்டு கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் தற்காப்பு வாதம் ஏற்கப்படவில்லை. அவருக்கு இருந்த மனநலக் குறைபாட்டைக் கருதியே தண்டனை ஐந்தாண்டாகக் குறைந்தது. 2003இல் வெளியே வந்தார்.

அவர்பால் பொதுமக்களிடம் எழுந்த பரிவுதான் பின்னாளில் சட்டத்தை அசைத்தது என்று சொல்லலாம். 2013 முதல், வீட்டுக்குள் அத்துமீறியவரிடமிருந்து தன்னையோ குடும்பத்தையோ காப்பவர் பயன்படுத்திய பலம் மிதமிஞ்சி அளவு கடந்ததாக இருந்தால் மட்டுமே அது தானாகவே தகாததாகும். சற்று அதிகமாகிவிட்டது என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். இருந்தாலும், அந்தச் சூழ்நிலையில் அது நியாயமானதா என்ற கேள்வியை நடுவர் குழு கேட்டே ஆக வேண்டும் என்று 2016இல் உயர் நீதிமன்றம் விளக்கியது. இந்தத் தளர்வு ஆளைக் காப்பதற்குத்தான், பொருளைக் காப்பதற்கு அல்ல. கீழ்பவானி ஐயா வேண்டுவதற்கும் வழக்கறிஞர் சொல்வதற்கும் நடுவில் நிற்கத்தக்க இடம் இது என்று நான் நினைக்கிறேன். வயது முதிர்ந்தவர் இருட்டில் கூடுதலாக ஓர் அடி அடித்துவிட்டால் அதை மன்னிக்கலாம். முதுகில் பாய்ந்த குண்டை எந்தத் தளர்வும் காப்பாற்றாது.

நொய்யல்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் ஊருக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். சட்டப் பிரிவுகளைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. பால் கறக்க வரும் ஆளைப் பற்றி வழக்கறிஞர் ஐயா எழுதிய வரியைப் படித்துக் காட்டியதும் சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். பிறகு அவரே சுருளை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வாசலிலும் கொல்லையிலும் விளக்குப் போட்டு, சுவிட்சைக் கட்டிலருகே வைத்துவிட்டோம். பக்கத்துச் சாளையில் அலறும்படி ஒரு சைரனும் பொருத்தியிருக்கிறோம். அவர்கள் வீட்டுச் சைரனின் சுவிட்ச் எங்களிடம். படுக்கை அறைக் கதவுக்கு உள்ளிருந்து போடும் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றும் போட்டாயிற்று. அரிவாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். சைரன் கேட்டு நான்கு பேர் ஓடி வந்து, திருடனைப் பிடித்தும் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன செய்வது?

அமர்வு நீதிமன்ற வழக்கறிஞர்

கண்ணெதிரே இப்படிப்பட்ட குற்றம் செய்தவனைப் பொதுமக்களே பிடித்து வைக்கப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிடித்ததிலிருந்து தேவையற்ற தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தப்பாதபடி கையைக் கட்டலாம். கட்டிய பிறகு யாரும் அவன்மேல் கை வைக்கக்கூடாது. தற்காப்பு என்ற சொல் அதற்குப் பிறகு விழும் எந்த அடிக்கும் பொருந்தாது. ஓடி வரும் நான்கு பேரில் அடிக்கத் துடிப்பவர் ஒருவராவது இருப்பார். அவரைத் தடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதைப் பக்கத்துச் சாளைக்காரர்களோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 100க்கு அழைத்தவுடன், பிடிபட்டவனுக்கோ உங்கள் ஆட்களுக்கோ காயம் இருந்தால் 108க்கும் அழையுங்கள். அழைத்த நேரம் பதிவாகிவிடும். பின்னாளில் உங்கள் அப்பாவின் தரப்பில் நான் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய முதல் சான்று அதுவாகத்தான் இருக்கும். உடைந்த பூட்டையும், பெயர்ந்த தாழ்ப்பாளையும், சிந்திய இரத்தத்தையும் காவலர்கள் வந்து பார்க்கும் வரை யாரும் தொட வேண்டாம், கழுவ வேண்டாம்.